போனில் தெரிந்த முதுகு

இப்படி ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க, அந்தப் பக்கம் காத்தே வராது. இல்ல இல்ல, ஆள் யாரும் இல்ல, என் பைதான். கீழ வெச்சுக்கறேன். டோக்கன் வாங்கிட்டீங்களா? உங்க முறை வர நேரமாகும். உள்ள இருக்கிறது என் பொண்ணு. போய் ரொம்ப நேரமாச்சு, இன்னும் கதவே திறக்கல. நீங்க யாருக்குப் பார்க்க வந்தீங்க? வீட்டுக்காரருக்கா? தூக்கம் வரலையா? அது ஒண்ணுமில்லைங்க, சரியாப் போயிடும். எங்க வீட்டுக்காரர் அதோ வாசல்ல நிக்கிறார் பாருங்க, கட்டம் போட்ட சட்டை. அவருக்கெல்லாம் தலையணையைத் தொட்டா போதும், குறட்டைதான். வீட்ல கவலைப்படுறதுக்குன்னு ஒருத்தி இருக்கும்போது அவருக்கென்ன?

என் பொண்ணுக்கும் பெருசா ஒண்ணும் இல்லைங்க. படிப்பு டென்ஷன். செமஸ்டர் பரீட்சை வந்துடுச்சு. டாக்டரம்மா ஒரு நல்ல மாத்திரையா எழுதிக் கொடுத்தாங்கன்னா போதும், போய் எழுதிடுவா. நான் வந்ததே அதுக்குத்தான்.

என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க. பெத்த தாயை! டாக்டரம்மா கேட்டாங்க, "உன்கூட யாரு இருந்தா உனக்குப் பேச வரும்மா?"ன்னு. என் பொண்ணு என் மூஞ்சியைக்கூடப் பார்க்கலைங்க. அந்தப் பொன்னரசி கையை எட்டிப் பிடிச்சுக்கிட்டா. பொன்னரசின்னா யாருன்னு கேக்குறீங்களா? ஹாஸ்டல்ல இவளோட ரூம்மேட். இத்தனைக்கும் காரணமே அவதான். என்னை நம்ப வெச்சுக் கழுத்தறுத்தவ. அவ உள்ள, நான் வெளிய. நல்லாருக்குல்ல?

சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யார் மேல தப்புன்னு.

எங்களுக்கு முசிறி. பெயின்ட், ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார் இவர். நிவேதினி ஒரே பொண்ணு. ஒத்தைப் பொண்ணுன்னு செல்லம் கொடுத்துக் கெடுக்கலைங்க நான். அவ பன்னெண்டாவது படிச்சப்போ டிவிக்கு உறை போட்டு மூடினேன். கல்யாணம், காதுகுத்து, ஒண்ணுக்கும் போகல. என் கூடப்பிறந்த தம்பி வீடு கட்டிக் குடிபோனான், அதுக்கே போகல. அவன் இன்னிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான். அவ படிப்பா, நான் பக்கத்துல ஒரு சேரைப் போட்டு உக்காந்திருப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். பூண்டு உரிப்பேன், பூக் கட்டுவேன், கண்ணு மட்டும் அவ மேலதான். தலை லேசா சாஞ்சா "நிவி"ம்பேன். சட்டுனு நிமிந்துடுவா. அதுக்குப் பலன் கிடைச்சுதா இல்லையா? ஸ்கூல்லயே முதல் மார்க்! வாசல்ல அவ போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் கட்டினாங்க. அந்த வழியாப் போறப்பெல்லாம் ஆட்டோவை நிறுத்திப் பார்த்துட்டுத்தான் போவேன்.

அப்புறம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சேர்த்தோம். சேர்த்துட்டு வந்தா, முதல் செமஸ்டர்லயே கணக்குல அரியர். அரியர்ங்க! எங்க வம்சத்துலயே கேள்விப்படாத வார்த்தை. எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல. எங்க நாத்தனார் போன் போட்டு, "என்ன அண்ணி, நிவி எவ்வளவு எடுத்தா?"ன்னு கேக்குறா, வாய் கூசாம "நல்ல மார்க்"னு சொல்லிட்டு, போய் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதேன்.

அழுதா ஆச்சா? யோசிச்சேன். பன்னெண்டாவதுல என்ன இருந்துச்சு, இப்ப என்ன இல்ல? நான் பக்கத்துல இல்ல. அவ்வளவுதான் விஷயம். போன்தான் இருக்கே! சாயங்காலம் விளக்கேத்தின உடனே வீடியோ கால் போட்டுடணும்னு சொன்னேன். அவ அங்க உக்காந்து படிக்கணும், நான் இங்க சமையக்கட்டுல மிக்ஸில போனைச் சாத்தி வெச்சுக்கிட்டு என் வேலையைப் பார்ப்பேன். ராத்திரிச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் கட் பண்ணக் கூடாது. துணைக்குத்தான். வேற எதுக்கு? எந்த அம்மா செய்வா சொல்லுங்க? சீரியல் பார்க்கிற நேரம் அது.

முதல்ல ஒரு நாலஞ்சு நாள் போனை முன்னாடி வெச்சிருந்தா. அது சரிப்படலைங்க. புக்கைப் பார்க்க மாட்டா, என்னையே பார்த்துக்கிட்டிருப்பா. நான் தோசை ஊத்துறதைப் பார்ப்பா. "அம்மா, என்ன சட்னி?"ம்பா. "அம்மா, கொஞ்ச நேரம் பேசும்மா"ம்பா. பேசவா போன் போட்டேன்? அதனால, போனை உன் முதுகுப் பக்கம் அலமாரில வெச்சுடு, எனக்கு உன் முதுகும் புக்கும் தெரிஞ்சாப் போதும், திரும்பக் கூடாது, பேசக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நல்ல யோசனைதானே? இவர்கூட அன்னிக்குக் கேட்டார், "புள்ள மூஞ்சியைப் பார்க்க வேணாமா?"ன்னு. மூஞ்சியைப் பார்த்தா மார்க் வருமா?

நடுவுல நடுவுல ஏதாவது சொல்லுவா. சொல்லாம இல்ல. "அம்மா, படிச்சா மண்டையில ஏறவே மாட்டேங்குது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், எழுத்தெல்லாம் நெளியுது"ன்னா. நான் விட்டுட்டேனா? உடனே கண் டாக்டர்கிட்டப் போகச் சொன்னேன். கண்ணு நல்லா இருக்குன்னுட்டாங்க. அப்புறம் ஒருநாள், "எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்மா, விடியறப்போ நெஞ்செல்லாம் அடைக்குது, எந்திரிக்கவே பிடிக்கல"ன்னா. சுக்குக் கஷாயம் குடி, வாயுத் தொல்லையா இருக்கும்னேன். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம்தானே? "எல்லாருக்கும்தான் டென்ஷன் இருக்கு, மத்த பிள்ளைங்கெல்லாம் படிக்கலையா?"ன்னு ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். அதுக்கப்புறம் அவ ஒண்ணும் சொல்லல. சரியாப் போச்சுன்னு நினைச்சேன்.

சரியாத்தாங்க போச்சு! அதான் எனக்கு வயிறெரியுது. தீபாவளி முடிஞ்சு ஹாஸ்டலுக்குப் போனவ, என்ன மாற்றம்ங்கிறீங்க! முன்னெல்லாம் உக்காந்தா நெளிவா, தலையைச் சொறிவா, கொட்டாவி விடுவா. இப்ப சிலை மாதிரி உக்காந்து படிக்கிறா. பக்கம் பக்கமாப் புரட்டுறா. ஸ்கேல் வெச்சுக் கோடு போடுறா. நான் எடுத்துக் கொடுத்த நீல நைட்டியைப் போட்டுக்கிட்டு, தலையைத் தூக்கிக் க்ளிப் போட்டுக்கிட்டு, நிமிரவே இல்லைங்க. எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஒரு பழக்கம், உக்காந்தா காலை ஆட்டிக்கிட்டே இருப்பா. வீட்டுக்கு ஆகாதுடின்னு எத்தனை தரம் தொடையில கிள்ளியிருப்பேன்! அதுகூட நின்னு போச்சு. எங்க நாத்தனாருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன், "எங்க நிவி இப்பப் படிக்கிற படிப்பு இருக்கே"ன்னு. கண்ணு பட்டுடக் கூடாதுன்னு வெள்ளிக்கிழமை சுத்திப் போட்டேன். எதுக்குங்க? போனுக்கு! போன்ல தெரியற முதுகுக்குச் சுத்திப் போட்டேன்!

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. எனக்கே இப்ப சிரிப்பாத்தான் இருக்கு. அழுகைக்குப் பதிலாச் சிரிப்பு.

ஒருநாள் சாயங்காலம் சமையக்கட்டுக்கு இவர் வந்தார், கடையிலேர்ந்து வந்து கை கழுவிட்டு, காபிக்கு. இவருக்குப் பொண்ணு எந்த வருஷம் படிக்கிறான்னு கேட்டாக்கூட என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். ஃபீஸ் கட்டச் சொன்னாக் கட்டுவார், அவ்வளவுதான். டம்ளரை எடுத்துக்கிட்டுத் திரும்பினவர், மிக்ஸில சாத்தியிருந்த போனைப் பார்த்தார்.

"யாரு இந்தப் பொண்ணு?"ன்னார்.

"யாரா? நல்லாருக்கே! உங்க பொண்ணுதான்"னேன்.

குனிஞ்சு ஒரு பார்வை பார்த்தார். "இது நம்ம பாப்பா இல்லையே"ன்னார்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "உங்களுக்கு என்ன தெரியும்? தினம் உக்காந்து பார்க்கிறது நானா நீங்களா? காபியைக் குடிச்சிட்டுப் போங்க"ன்னேன். மனுஷன் போகல. "பாப்பா உக்காந்தா கால் ஆடும். தோள் இப்படி ஒரு பக்கம் எறங்கியிருக்கும். இது வேற யாரோ"ன்னார். சொல்லிட்டு, போன்கிட்ட வாயை வெச்சு, "ஏம்மா, கொஞ்சம் திரும்பும்மா"ன்னார்.

அந்த முதுகு அப்படியே வெறைச்சுப் போச்சுங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பிச்சு. பொன்னரசி! என் பொண்ணு நைட்டிக்குள்ள பொன்னரசி!

இத்தனை நாளா நான் காவல் காத்தது எவளோ பெத்த பொண்ணுக்கா? கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்தவளுக்குக் காது குத்தியிருக்காளுங்களே! "என் பொண்ணு எங்கடி?"ன்னு கத்தினேன். அவ போனை எடுத்து இந்தப் பக்கம் திருப்பிக் காட்டினா. கட்டில்ல சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கா நிவி. நான் கத்துறேன், பேர் சொல்லிக் கத்துறேன், அசையவே இல்ல. இவர் டம்ளரைக் கீழ வெச்சிட்டு, சட்டையை மாட்டிக்கிட்டு, கார் சொல்றதுக்கு வெளிய போயிட்டார்.

அங்க போய்ப் பார்த்தாத்தானே தெரியுது லட்சணம். உள்மதிப்பீட்டுப் பரீட்சையில எல்லாம் வெத்துப் பேப்பரை மடிச்சுக் கொடுத்துட்டு வந்திருக்கா. மார்க் என்னாச்சுன்னு கேட்டா, "இன்னும் போடலம்மா"ன்னு என்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தா. கொஞ்ச நாளா க்ளாஸுக்கே போகலையாம். க்ளாஸ் டீச்சர் மாதிரி ஒரு சார் இருக்கார், அவர், "பொன்னரசி மட்டும் இந்தத் தரம் எல்லாப் பேப்பர்லயும் முன்னாடி வந்துட்டாம்மா, அதுதான் ஆச்சரியம்"ங்கிறார். வராம? தினம் நான் உக்காத்தி வெச்சுப் படிக்க வெச்சிருக்கேனே! என் காவல்ல, என் டேட்டாவுல படிச்சு அவ பாஸ், என் பொண்ணு ஃபெயிலு. இந்த அநியாயத்தை நான் எங்க போய்ச் சொல்றது?

கையை ஓங்கிட்டேங்க. மறைக்கல. வார்டன் நடுவுல வந்துட்டாங்க, இல்லேன்னா ரெண்டு போட்டிருப்பேன். "ஏண்டி, உன்னை எவ்வளவு நம்பினேன்! ஊர்லேர்ந்து நிவி வர்றப்பெல்லாம் உனக்கும் சேர்த்துத்தானே அதிரசம் கட்டிக் கொடுத்தேன்! ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"ன்னேன். அதுக்கு அவ சொல்றா, "சொன்னேனே ஆன்ட்டி, ஒருதரம் போன் பண்ணினேனே"ன்னு.

அது வாஸ்தவம்தான். ஒருதரம் பண்ணினா. "நிவி சரியாச் சாப்பிடறதில்ல ஆன்ட்டி, தனியா அழறா, எனக்குப் பயமா இருக்கு"ன்னா. நான், "நீ உன் படிப்பைப் பாரும்மா"ன்னேன். வேற என்ன சொல்லணும்? அடுத்த வீட்டுப் பொண்ணு நம்ம பொண்ணைப் பத்திக் குத்தம் சொன்னா விட்டுக் கொடுக்க முடியுமா? நிவியைக் கூப்பிட்டும் நல்லாக் கொடுத்தேன், ரூம்ல இருக்கறவ எல்லாம் எனக்குப் போன் பண்ற அளவுக்கு வெச்சுக்கறியேன்னு. அதுக்கப்புறம் பொன்னரசி பண்ணல. ஆனா அது வேற விஷயம்ங்க, அதுவும் இதுவும் ஒண்ணா?

எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேட்டா, விளக்கேத்தற நேரம் நெருங்கினாலே நிவிக்கு வாந்தி வருமாம். ஒருநாள் பொன்னரசி, "நீ படுத்துக்கோ, இன்னிக்கு நான் உக்காருறேன், அம்மாவுக்குத் தெரியாது"ன்னிருக்கா. அம்மாவுக்குத் தெரியாதாம்! எவ்வளவு நெஞ்சழுத்தம்! அன்னிக்கு உக்காந்தவ, அப்படியே உக்காந்துட்டா. என் பொண்ணு அந்த நேரமாவது கொஞ்சம் கண் அசருவாளாம். அவளுக்கு ராத்திரியில தூக்கமே கிடையாதாம்.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. வார்டனம்மா சொன்னாங்க. பொன்னரசி தினம் படுக்கும்போது ஒரு துப்பட்டாவை எடுத்து ஒரு முனையை நிவி மணிக்கட்டுல கட்டுவாளாம், இன்னொரு முனையைத் தன் கையில கட்டிக்குவாளாம். கன்னுக்குட்டியா அது? ஏண்டி என் பொண்ணைக் கட்டிப் போட்டேன்னு கேட்டேன். "அவ எந்திரிச்சா எனக்குத் தெரியணும் ஆன்ட்டி. ஒருநாள் முழிச்சுப் பார்த்தா கட்டில்ல இல்ல. மொட்டை மாடியில நின்னுக்கிட்டிருந்தா"ன்னா.

காத்து வாங்கப் போயிருப்பா. ரூம்ல புழுக்கமா இருந்திருக்கும்.

நீங்க ஏன் அப்படிப் பார்க்கறீங்க? இவரும் இப்படித்தான் பார்த்தார். அந்த இடத்துலயே தரையில உக்காந்துட்டார். ஹாஸ்டல் வராந்தாவுல, அத்தனை பொண்ணுங்க போய் வந்துக்கிட்டிருக்கு, மானம் போகுது எனக்கு. எந்திரிங்கன்னா எந்திரிக்கல. அப்புறம் எந்திரிச்சு, பொன்னரசி தலையில கை வெச்சார். வெச்சு, "நல்லாயிரும்மா"ன்னார். என் நெஞ்சுல கத்தியை வெச்ச மாதிரி இருந்துச்சு. ஏமாத்தினவளுக்கு ஆசீர்வாதம்! அந்தப் பொண்ணு கூட வந்தாத்தான் கார்ல ஏறுவேன்னு நிவி பிடிவாதம், அதுக்கும் சரின்னுட்டார். மூணு பேரும் ஒரு கட்சி, நான் தனிக் கட்சி. முன்சீட்டுல உக்காந்து, இங்க திருச்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தேன்.

நான் என்ன எனக்காகவா செஞ்சேன்? சொல்லுங்க. எனக்கு ஒரு சினிமா உண்டா, ஒரு ஊர் உண்டா? அவ நல்லாயிருக்கணும், நாலு பேர் மதிக்கணும், என்னை மாதிரி அடுப்படியில கிடந்து சாகக் கூடாது. அதுதான். பத்தாவது முடிச்ச கையோட எனக்குக் கல்யாணம் பண்ணிட்டாங்கங்க. கணக்குல நான் எவ்வளவு நல்லாப் போடுவேன் தெரியுமா? அதெல்லாம் எதுக்கு இப்ப. விடுங்க.

முதல்ல எல்லாரையும் சேர்த்துத்தான் உள்ள கூப்பிட்டாங்க. டாக்டரம்மா என்னைக் கேட்டாங்க, "எத்தனை நாளாம்மா இவ சரியாத் தூங்கல? என்ன சாப்பிடறா? கடைசியா எப்ப நல்லாச் சிரிச்சுப் பார்த்தீங்க?" நான் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தேன்ங்க, வார்த்தை வரணுமே. பொன்னரசிதான் ஒண்ணொண்ணாச் சொன்னா. காலைல ஒரு இட்லியை ரொம்ப நேரம் பிச்சுக்கிட்டே இருப்பா, அப்புறம் வெச்சிடுவான்னா. மழை வந்தா மட்டும் ஜன்னல்கிட்ட வந்து நிப்பான்னா. என் பொண்ணைப் பத்தி எனக்கே பாடம் நடத்துறா. டாக்டரம்மா எல்லாத்தையும் அவளைப் பார்த்தே கேட்டு எழுதிக்கிட்டாங்க. நான் குறுக்க, "செமஸ்டர் எழுதலாம்ல டாக்டர்?"னு கேட்டேன். அப்பதான் என்னை வெளிய போய் உக்காரச் சொன்னாங்க.

இருங்க, கதவு திறக்குது. நர்ஸம்மா வர்றாங்க. என்னைத்தான் கூப்பிடப் போறாங்க. பையைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?

"ஆமாம்மா, நான்தான் நிவேதினியோட அம்மா. வர்றேன்… யாரு? அப்பாவா? அவர் எதுக்கும்மா? அவருக்கு ஒண்ணும் தெரியாது, எதுவா இருந்தாலும் என்னைத்தான் கேக்கணும்… அவளே சொன்னாளா? அப்பாவை மட்டுமா?"

ஏங்க, வாசல்லேர்ந்து இப்படி வாங்க, உங்களைத்தான் கூப்பிடறாங்க. போங்க. செருப்பை அப்படி ஓரமா விட்டுட்டுப் போங்க. செமஸ்டரைப் பத்திக் கேளுங்க, மறந்துடாதீங்க. காதுல விழுந்துச்சா?

போயிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கல. பார்த்தீங்களா நீங்களே? இடுப்புல தூக்கி வளர்த்தவ நான், கூப்பிடறது அவரை. இந்த வயித்துலதானே இருந்தா? என்ன பாவம் பண்ணினேன் நான்?

அழற சத்தம் கேக்குதுல்ல? உள்ளேர்ந்துதான். ஐயோ, இப்படி அழறாளே. இப்படி ஓன்னு… நிவியாத்தான் இருக்கும். அப்பாவைப் பார்த்ததும் வந்திருக்கும். இல்ல, அவ அழுதா சத்தம் வராதே. சின்னதுல வந்துச்சு. அப்புறம் அவ அழுது நான் கேட்டதே இல்லைங்க. அந்தப் பொண்ணா இருக்குமோ? ரெண்டும் ஒரே வயசு, குரல் ஒண்ணாத்தான் இருக்கும். கொஞ்சம் பேசாம இருங்க, கேக்குறேன்.

தெரியலைங்க எனக்கு. நீங்க கேட்டுச் சொல்லுங்களேன். அழறது என் பொண்ணா?